கேள்வி – பதில்: கடல் தாண்டிப் போன சுவீடன்

சுவீடனிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறிய குடும்பங்கள் பண்டிகை, பலகாரம், கைவேலை என்று எதையெல்லாம் விடாமல் வைத்திருக்கின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். 1840-களில் தொடங்கி 1930 வரை 12 லட்சம் பேருக்கு மேல் அப்படிப் போனார்கள். பஞ்சம் வாட்டிய 1867–69 ஆண்டுகளுக்குப் பிறகு கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். மின்னசோட்டா, இல்லினாய்ஸ், கான்சஸ் மாநிலங்களில் அவர்களுடைய ஐந்தாம், ஆறாம் தலைமுறை இருக்கிறது. கட்டுரையைப் படித்துவிட்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறோம். பேரப்பிள்ளைகளுக்குப் புரிகிறது, பதில் மட்டும் தமிழில் வருகிறது. அமெரிக்கா போன சுவீடன்காரர்கள் தங்கள் மொழியைக் காப்பாற்றினார்களா?
– ஆரணி வாசகர்

இல்லை. பண்டிகை நிலைத்தது, மொழி போய்விட்டது. பெரும்பாலான குடும்பங்களில் மூன்றாம் தலைமுறையோடு பேச்சு நின்றது. எப்படி என்று பார்த்தால் உங்களுக்குப் பயன்படும்.

1860-ல் குடியேறிகள் அகஸ்டானா சினாடு என்ற லூத்தரன் திருச்சபையை அமைத்தார்கள். ஞாயிறு பள்ளி சுவீடிஷில் நடந்தது. கோடை விடுமுறையில் இறையியல் மாணவர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதபாடமும் சொல்லிக்கொடுத்தார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் திடப்படுத்தல் என்ற சடங்கு. அதற்கு வேதபாடத்தைச் சுவீடிஷில் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காவிட்டால் சடங்கு இல்லை, ஊரில் தலைகாட்ட முடியாது. வீட்டில் ஆங்கிலம் பேசிய பிள்ளையும் அதற்காகவாவது சுவீடிஷ் படித்தது.

முதல் உலகப்போரில் ஜெர்மன் மொழி மேல் எழுந்த வெறுப்பு எல்லா அயல்மொழிகள் மேலும் விழுந்தது. 1918-ல் அயோவா ஆளுநர் பள்ளியிலும், பொது இடத்திலும், தொலைபேசியிலும், ஆராதனையிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிவித்தார். 1924-ல் வந்த குடியேற்ற ஒதுக்கீட்டுச் சட்டத்தால் ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களும் குறைந்தார்கள். 1920-களில் சபைகள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாறின. சடங்கை ஆங்கிலத்தில் முடிக்கலாம் என்றானதும் பிள்ளைகளுக்குச் சுவீடிஷ் தேவைப்படவில்லை. கடைசியில் பல சபைகளில் கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையான யூலொட்டாவில் பாடும் பாட்டாக மட்டும் மொழி தங்கியது.

ஆகையால் "வீட்டில் எப்போதும் நம் மொழிதான்" என்று பொதுவாக உத்தரவு போடுவதைவிட, அந்த மொழி இல்லாமல் நடக்கவே நடக்காத ஒரு வேலையைப் பிள்ளையிடம் ஒப்படைப்பது பலன் தரும். பாட்டியோடு தினமும் பத்து நிமிஷப் பேச்சு இருக்கலாம், கல்யாண வீட்டில் அழைப்புச் சொல்வது இருக்கலாம், தறிக்கணக்கு சொல்லச் சொல்லி எழுதுவது இருக்கலாம். பதில் தமிழில் வந்தால் திட்டாதீர்கள். கேட்காதது மாதிரி இருந்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.

இதோடு பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், பதிவு கெடுவதற்கு முதல் காரணம் அதுதான். போனை மடித்த துண்டின் மேல், பேசுகிறவர் வாயிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் வையுங்கள். ஒரு தடவைக்கு அரைமணி போதும். "பழைய காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். பாவு எப்படிப் போடுவார்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பலகாரம் போகும், குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன அரைப்பார்கள் என்று கேளுங்கள். சொற்கள் தானாக வந்து விழும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதி, ஊர், பேசியவர், விஷயம் நான்கும் இருக்கட்டும். மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.

எங்கள் பள்ளியில் டிசம்பர் 13 அன்று, சுவீடனில் புனித லூசியா நாளில் நடப்பது போல, லூசியா ஊர்வலம் நடத்தலாமா என்று யோசிக்கிறோம். முறை என்ன? தலையில் மெழுகுவத்தியோடு நடப்பது ஆபத்தில்லையா?
– காட்பாடி ஆசிரியை

ஆபத்துதான். எண்ணெய் தடவிய நீள முடிக்கு மேல் எரியும் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். சுவீடனில் எரிகிற திரி வைத்தால் அடியில் ஈரத்துணி கட்டுவார்கள், பக்கத்தில் ஈரத்துண்டோடு ஒரு பெரியவர் நடப்பார். அப்படியும் உருகிய மெழுகு முடியில் சொட்டும். இப்போது அங்கேயும் பள்ளிகளில் பெரும்பாலும் பேட்டரி விளக்குதான்.

கிரீடத்துக்குத் தடித்த கட்டுக்கம்பியைப் பிள்ளையின் தலைச் சுற்றளவைவிட இரண்டு சென்டிமீட்டர் அதிகமாக வளைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் பஞ்சு வைத்துத் துணி சுற்றினால் நெற்றியில் அழுத்தாது. ஐந்து அல்லது ஏழு சின்னப் பேட்டரி மெழுகுவத்திகளைச் செங்குத்தாகக் கட்டுங்கள். கனம் முன்பக்கம் சேர்ந்தால் கிரீடம் மூக்கின் மேல் இறங்கிவிடும். பின்பக்கமும் இரண்டு மெழுகுவத்தியாவது இருக்கட்டும். மொத்தக் கனம் 250 கிராமைத் தாண்டாமல் பாருங்கள். அங்கே லிங்கன்பெர்ரி இலை சுற்றுவார்கள். இங்கே சவுக்கு அல்லது துணி இலை போதும். வேப்பிலை மட்டும் வேண்டாம், குடியாத்தம் பக்கத்திலிருந்து வருகிற பெற்றோர் கெங்கையம்மன் சிரசு வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

உடை முழுநீள வெள்ளை அங்கி. மெல்லிய மல் துணியும் நைலானும் வேண்டாம், பாப்ளின் நல்லது. லூசியாவாக வருகிற பெண்ணுக்கு இடுப்பில் சிவப்புப் பட்டை. அவள்தான் முதலில் நடப்பாள். பின்னால் இரண்டிரண்டு பேராகக் கையில் விளக்கோடு தோழிகள். அதற்குப் பின்னால் கூம்புத் தொப்பியும் குச்சி நுனியில் நட்சத்திரமுமாகப் பையன்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் சிவப்புக் குல்லாய் போட்டுக் கடைசியில் வருவார்கள். லூசியா பாட்டின் மெட்டு இத்தாலியின் நேப்பிள்ஸ் ஊர் மெட்டு. பாடிக்கொண்டே அரங்கத்துக்குள் வந்து, நின்று மூன்று நான்கு பாட்டுப் பாடி, முதல் பாட்டைத் திரும்பப் பாடிக்கொண்டே வெளியே போக வேண்டும். மொத்தம் இருபது நிமிஷம். அதற்கு மேல் போனால் விளக்கு பிடித்த கைகள் தளரும்.

இருட்டு இல்லாவிட்டால் இந்த விழாவே இல்லை. ஸ்டாக்ஹோமில் அன்று சூரியன் காலை எட்டரைக்குப் பிறகுதான் தலைகாட்டும், பிற்பகல் மூன்றுக்குள் மறைந்துவிடும். நம் ஊரில் காலை ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும், அல்லது ஜன்னல்களுக்குக் கறுப்புத்துணி கட்ட வேண்டும். "யார் லூசியா?" என்பதில் அழுகை வரும், சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். இன்று காணும் வடிவத்தில் லூசியா ஊர்வலம் நாடு முழுதும் பரவியது 1927-ல் ஒரு ஸ்டாக்ஹோம் பத்திரிகை நடத்திய லூசியா தேர்வுக்குப் பிறகு. கப்பலேறிப் போன விவசாயிகளில் பெரும்பாலோர் அதைப் பார்த்ததே இல்லை. அமெரிக்கச் சுவீடிஷ் சங்கங்கள் அதைப் பின்னால் ஊரைப் பார்த்து எடுத்துக்கொண்டன. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

லூசியா அன்று செய்யும் குங்குமப்பூ பன் வீட்டில் செய்தேன். கல் மாதிரி ஆகிவிட்டது. ஏன்?
– சத்துவாச்சாரி வாசகி

மாவு அதிகம். கையில் ஒட்டுகிறதே என்று மைதாவைத் தூவிக்கொண்டே போயிருப்பீர்கள். குங்குமப்பூவே மாவை வறளவைக்கும் குணமுள்ளது. அதனால் கொஞ்சம் பிசுபிசுப்பாக விட்டுவிட வேண்டும்.

பதினாறு பன்னுக்கு: பால் 250 மில்லி, வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 90 கிராம், உலர் ஈஸ்ட் 8 கிராம், மைதா 430 கிராம் (தேவைப்பட்டால் இன்னும் 20), உப்பு கால் டீஸ்பூன், குங்குமப்பூ அரை கிராம், உலர்திராட்சை. குங்குமப்பூவை ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு அம்மியிலோ சின்ன உரலிலோ பொடித்து, இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் அரைமணி ஊறவையுங்கள். வெண்ணெயை உருக்கிப் பாலில் சேர்த்து, விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஈஸ்டைப் போடுங்கள். சுடச்சுட ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். பத்து நிமிஷம் நன்றாகப் பிசைந்து மூடிவைத்தால் சுவீடன் சமையலறையில் முக்கால் மணி முதல் ஒரு மணி வரை ஆகும். வேலூரில் டிசம்பரிலும் அரைமணியில் பொங்கிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல், மாவு இரண்டு மடங்கு ஆனதா என்று பாருங்கள். அதிகம் புளித்தால் சுருள் வடிவம் அடுப்பில் விரிந்து தட்டையாகிவிடும்.

விரல் பருமனுக்கு ஒரு சாண் நீளம் உருட்டி, இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுருட்டி, சுருளின் நடுவில் ஒவ்வொரு திராட்சையை அழுத்துங்கள். திராட்சையை முன்பே தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் கருகி உதிரும். இன்னும் இருபது நிமிஷம் வைத்து, முட்டை தடவி, 225 டிகிரியில் ஏழெட்டு நிமிஷம். பத்து நிமிஷம் விட்டால் மறுபடியும் கல்தான். வெளியே எடுத்ததும் துணி போட்டு மூடுங்கள். மஞ்சள் தூள் நிறம் தரும், மணம் தராது, கூடினால் கசக்கும். காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் பன்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

எங்கள் திருப்பத்தூரில் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரி இருந்ததாமே?
– திருப்பத்தூர் வாசகர்

அது சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர். வட ஆர்க்காட்டில் வேலை செய்தவர்கள் அமெரிக்க ஆர்க்காடு மிஷனும், திருவண்ணாமலைப் பக்கம் டேனிஷ் மிஷனும்.

என் மருமகள் மின்னசோட்டாவில் பிறந்தவள். அவளுடைய முப்பாட்டனார் சுவீடனிலிருந்து வந்தவராம், ஊர் தெரியவில்லை. பெயர் ஆண்டர்சன். கண்டுபிடிக்க வழி உண்டா?
– ராணிப்பேட்டை வாசகர்

உண்டு. ஆனால் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. சுவீடன் கிராமங்களில் அன்று நம் இனிஷியல் மாதிரி தகப்பன் பெயர்தான். ஆண்டர்ஸ் என்பவரின் மகன் ஆண்டர்சொன், மகள் ஆண்டர்ஸ்டொட்டர். அடுத்த தலைமுறைக்கு வேறு பெயர். பட்டாளத்தில் ஒரே பெயரில் பலர் இருந்ததால் மொடிக், ராஸ்க் என்றெல்லாம் படைப்பெயர் கொடுத்தார்கள், சிலர் அதையே வைத்துக்கொண்டார்கள். 1901-ல் வந்த பெயர்ச் சட்டத்துக்குப் பிறகுதான் குடும்பப்பெயர் நிலைத்தது. அமெரிக்கா போனவர்கள் அங்கே போனபோது இருந்த பெயரைக் குடும்பப்பெயராக்கி, எழுத்தையும் ஆங்கிலத்துக்குத் தக்கபடி மாற்றினார்கள்.

அதனால் தேடலை அமெரிக்கப் பக்கத்தில் தொடங்குங்கள். முப்பாட்டனார் எந்தச் சபையில் உறுப்பினர் என்று கல்லறை, கல்யாணச் சான்று, பழைய வேதாகமத்தின் முதல் பக்கம் ஆகியவற்றிலிருந்து தெரியும். அகஸ்டானா சபைப் பதிவேடுகளில் பல இடங்களில் உறுப்பினர் பிறந்த சபைவட்டத்தின் (ஒரு கோயிலின் குருவுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின்) பெயரும் பிறந்த தேதியும் எழுதியிருப்பார்கள். இல்லினாய்ஸ் மாநிலம் ராக் ஐலண்டில் அகஸ்டானா கல்லூரியிலுள்ள ஸ்வென்சன் மையத்தில் இவற்றின் நுண்படங்கள் (மைக்ரோஃபிலிம்) இருக்கின்றன.

சபைவட்டத்தின் பெயரும் பிறந்த தேதியும் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 1686-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி குருமார்கள் வீடு வீடாகப் போய் வேதபாடம் தெரிகிறதா என்று சோதித்துப் பதிவேடு எழுதினார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பக்கம். அதில் இருப்பவர், பிறந்த நாள், எங்கிருந்து வந்தார், எங்கே போனார் எல்லாம் வரிசையாக இருக்கும். "வட அமெரிக்கா" என்று எழுதியிருக்கும் வரிதான் நீங்கள் தேடுவது. சுவீடன் தேசிய ஆவணக்காப்பகம் இந்தப் பதிவேடுகளின் படங்களை 2018 முதல் இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறது.

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். "சொந்த ஊர் கோத்தன்பர்க்" என்று குடும்பத்தில் சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலோர் கப்பலேறிய துறைமுகம் அது. அங்கிருந்து இங்கிலாந்தின் ஹல், பிறகு ரயிலில் லிவர்பூல், பிறகு அட்லாண்டிக். அடுத்தது, ஒரே பெயரில் பல சபைவட்டங்கள் உண்டு. மாவட்டப் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய துணியைக் கிழித்து நெய்யும் சுவீடன் தரைவிரிப்பை நம் லுங்கித் தறியில் நெய்ய முடியுமா?
– குடியாத்தம் வாசகர்

அதே தறியில் அப்படியே முடியாது. உங்கள் அச்சு (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) நெருக்கமானது, இந்த விரிப்புக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று இழைதான். பாவு நூல், அதாவது நீளவாக்கு நூல், ஆறு புரி முறுக்கிய தடித்த பருத்தி. பலகை கனமாக இருக்க வேண்டும், ஊடையை (குறுக்கு இழையை) ஓங்கி அடிக்க வேண்டும். சுவீடன் தறி தடித்த பைன் கட்டைகளால் செய்திருப்பது அதற்காகத்தான். ஜமக்காளம் நெய்யும் தறி இருந்தால் நல்லது.

வெள்ளைப் போர்வை, வேட்டி, பருத்திச் சேலையை முதலில் கொதிநீரில் அலசிக் காயவையுங்கள். சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிழியுங்கள். பாலியெஸ்டர் கலந்ததைத் தள்ளிவையுங்கள், வழுக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ துணி வரை போகும். கீற்றுகளை முடிச்சுப் போட்டால் மிதிக்கும்போது காலில் உறுத்தும். முனைகளைச் சரிவாக வெட்டி, ஐந்து சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக, பாவு இழைகள் பிரியும் ஒரே இடைவெளியில் வைத்து அடியுங்கள்.

அடிக்கடி கெடுவது ஓரம். நெய்ய நெய்ய விரிப்பு நடுவில் ஒடுங்கிக்கொண்டே போகும். ஊடையை நேராக இழுத்து அடிப்பதுதான் காரணம். வில் மாதிரி வளைத்துப் போட்டு அடியுங்கள், அகலத்தை இழுத்துப் பிடிக்கும் குச்சியையும் சில அங்குலத்துக்கு ஒருமுறை நகர்த்துங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் ஐந்தாறு சென்டிமீட்டர் பாவு நூலையே ஊடையாகப் போட்டு நெய்து மடித்துத் தைக்காவிட்டால் ஆறு மாதத்தில் பிரியும்.

அமெரிக்கச் சுவீடன்காரர்கள் காப்பியில் முட்டை போடுகிறார்களாமே! வேடிக்கைக்குச் சொன்னதா?
– வேலூர் வாசகர்

உண்மைதான். மத்திய மேற்கு அமெரிக்காவின் சபைக்கூடங்களில் பெரிய பாத்திரத்தில் போடும் காப்பி அது. சுவீடனில் இன்று கேட்டால் விழிப்பார்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும். 65 கிராம் காப்பித்தூளில் ஒரு முட்டையையும் கால் டம்ளர் குளிர்ந்த தண்ணீரையும் விட்டுக் குழைத்துக் கொதிநீரில் போடுங்கள். தீயைக் குறைத்து மூன்று நிமிஷம். பொங்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கி ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் தூள் முழுதும் கட்டியாகி அடியில் இறங்கிவிடும். வெந்த முட்டைப் புரதம் தூளையும் கசப்பையும் பிடித்துக்கொள்வதால் தெளிந்த, தேன் நிறக் காப்பி கிடைக்கும். முட்டை வாடை வராது. சிக்கரி கலந்த நம் பில்டர் தூளில் செய்தால் கலங்கிச் சேறாகும். கரகரப்பாக அரைத்த சுத்தக் காப்பித்தூள் வேண்டும். பால் சேர்ப்பதில்லை என்பதால் இது நமக்குப் பிடிக்குமா என்பது சந்தேகமே.

லுட்ஃபிஸ்க் என்ற மீனைச் சுண்ணாம்பில் ஊறவைப்பார்கள் என்று படித்தேன். எங்கள் ஊர் தோல் பதனிடும் ஷாப்பில் செய்வது போல இருக்கிறதே?
– ஆம்பூர் வாசகர்

நீங்கள் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். காரம் (மிளகாய்க் காரம் அல்ல, சுண்ணாம்பு, சோடா போன்றவற்றின் காரம்) ஏறினால் புரதம் உப்பும், அதே வேதியியல்தான். உலர்ந்த மீனை ஐந்தாறு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, இரண்டு நாள் காரநீரில் போட்டு, காரம் போக மறுபடியும் பல நாள் நல்ல தண்ணீரில் வைப்பார்கள். காரநீரில் நாள் கூடினால் மீனின் கொழுப்பு சோப்பாகிவிடும். அலுமினியப் பாத்திரம் கறுத்துப்போகும். வீட்டில் காஸ்டிக் சோடா வாங்கிச் செய்துபார்க்க வேண்டாம்.

இதெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போடும் வேஷம்தானே?
– ஆற்காடு வாசகர்

கொஞ்சம் அப்படித்தான். கான்சஸில் 1869-ல் உருவான லிண்ட்ஸ்பொர்க் ஊரில் தெருவுக்குத் தெரு சுவீடன் பாணியில் வண்ணம் பூசிய குதிரைச் சிலை நிற்கும். மின்னசோட்டாவின் லிண்ட்ஸ்ட்ரம் ஊரில் தண்ணீர்த்தொட்டியே காப்பிக் கெட்டில் வடிவம். அந்த ஊர்ப் பெயர்ப்பலகையில் 'O' எழுத்தின் மேலுள்ள இரண்டு புள்ளியை நெடுஞ்சாலைத் துறை விட்டுவிட, 2015-ல் மாநில ஆளுநர் உத்தரவு போட்டுத் திரும்ப வைக்கச் சொன்னார். கடைக்காரருக்கு இதில் லாபம் இருக்கிறது.

ஆனால் அதே லிண்ட்ஸ்பொர்க்கில் 1882 முதல் ஆண்டுதோறும் ஈஸ்டர் சமயத்தில் ஹாண்டல் இசையமைத்த 'மெசையா' என்ற கிறிஸ்தவக் கூட்டிசையை ஊர்க்காரர்களே பாடுகிறார்கள். விவசாயி, ஆசிரியர், கல்லூரி மாணவர் எல்லோரும் வாரக்கணக்கில் ஒத்திகைக்கு வருகிறார்கள். 1941-ல் தொடங்கிய ஸ்வென்ஸ்க் ஹில்னிங்ஸ்ஃபெஸ்ட் விழா ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் அக்டோபரில் நடக்கிறது. தொண்டர்கள் இளைப்பாற ஒரு வருஷம் கிடைக்கிறது. நடனம் ஆடுவது உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள். வருஷாவருஷம் நடத்தி நான்காம் வருஷம் ஆளில்லாமல் நின்றுபோகிற சங்கங்களுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்வோம்.

தலைகீழாக ஒரு கேள்வி. மகள் குடும்பம் ஸ்டாக்ஹோமில். பேரனுக்குத் தமிழ் கற்க அங்கே வழி உண்டா?
– வாணியம்பாடி வாசகி

உண்டு, அரசுப் பள்ளி வழியாகவே. 1970-களிலிருந்து சுவீடனில் தாய்மொழிப் பாடம் என்ற ஏற்பாடு இருக்கிறது. பெற்றோரில் ஒருவரின் தாய்மொழி தமிழாக இருந்து, வீட்டில் பேச்சுமொழியாகவும் இருக்க வேண்டும். பிள்ளைக்கு அடிப்படை அளவில் தெரிந்திருக்க வேண்டும். அந்த நகராட்சியில் ஐந்து பிள்ளைகளாவது கேட்டு, தகுந்த ஆசிரியரும் கிடைத்தால் வகுப்பு நடத்த வேண்டியது நகராட்சியின் கடமை. விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே கேட்டு வாங்கலாம்.

எண்ணிக்கை ஐந்தைத் தொடாமல் நின்றுபோவதுதான் வழக்கமான தடங்கல். மகளிடம் சொல்லி அதே நகராட்சியிலுள்ள மற்ற தமிழ்க் குடும்பங்களை ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்துப் பார்த்தால் எண்ணிக்கை சேராது. வகுப்பு வாரத்துக்கு ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் பள்ளி முடிந்த பிறகு. பாக்கியை வீடியோ அழைப்பில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பேரனுக்கு "அ, ஆ" சொல்லிக்கொடுப்பதோடு நிற்காமல், அவன் சுவீடிஷில் படித்த கதையைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குச் சுவீடிஷ் தெரியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.